சிரிப்பை முதலில் எடுத்துவிடுவார்கள்

தொலைக்காட்சியில் காமெடி நிகழ்ச்சி ஓடும்போது எல்லாரும் மேடையைப் பார்ப்பார்கள். நான் மேடைக்கு எதிரே உட்கார்ந்து சிரிக்கிறவர்களைப் பார்ப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சேலை கட்டிய ஆண் ஒருவர் மாமியாராக வந்து இடுப்பில் கைவைத்து நிற்பார். மாப்பிள்ளை வேஷக்காரர் வழுக்கி விழுவார். நடுவில் சினிமாவில் நடிக்கிற பெரிய மனிதர் ஒருவர் விருந்தாளியாக வந்து பூங்கொத்து வாங்கிக்கொள்வார். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இடையிடையே இரண்டு நொடி வந்து போகிறதே ஒரு கூட்டம், அவர்கள் யார், எந்த ஊர், வீட்டு வேலையை யாரிடம் விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தார்கள், அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க அவர்களுக்கு என்ன வந்தது என்பதுதான் என் கவலை.

"ஊரான் சிரிச்சா உனக்கு இன்னாடி? மேடையப் பாரு" என்று அம்மா அதட்டுவாள்.

வளர்ந்து ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்தக் கோளாறு குறையவில்லை, கூடிவிட்டது. காருக்குள் போகிற ஒயர்க் கட்டுகளை விளக்கின் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அப்படிப் பழகின கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் ஒரே நிகழ்ச்சியில் இரண்டு தடவை ஒரே மாதிரி சிரிப்பதைக் கண்டுபிடித்தேன். அதே சாய்வு, அதே கை, வாயை மூடுகிற அதே விரல். முதல் சிரிப்பில் வாடியிருந்த மல்லிகைப்பூ அடுத்த சிரிப்பில் புத்தம் புதிதாக இருந்தது. இது என்ன கூத்து என்று எனக்கு மண்டை குடைந்தது. அம்மாவிடம் சொன்னேன். பூ விற்கிற விலையில் அவள் எப்படி இரண்டு தடவை வாங்குவாள் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இதில் அப்பா எங்கே வருகிறார் என்று சொல்கிறேன். எங்களுக்கு ஊர் பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அப்பா விவசாயத்தை விட்டு, புதிதாக வந்த கம்பெனிகளில் ஒன்றில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர். இரும்புத் தகட்டை ஒரே அடியில் கார்க் கதவாக அடித்து எடுக்கிற இடம் அது. காதில் செருகிக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள். அப்பா அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். ஏன் என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிறவன் அடிக்கிற ஜோக் கேட்காதே என்பார். அப்படிப்பட்ட மனிதர். சத்தம் தின்றதுபோக அவருக்கு மிஞ்சிய காது ரொம்பக் கொஞ்சம். எதிரே உட்கார்ந்து முகத்தைக் காட்டி நிதானமாகப் பேசினால் உதட்டைப் படித்துப் புரிந்துகொள்வார். காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தோம். "சத்தம் வருதும்மா, பேச்சு வரல" என்று கழற்றி வைத்துவிட்டார். அதுவும் சட்டைப் பையில்தான்.

காது இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் முதலில் சிரிக்கிறவர் அவர்தான். மேடையில் ஒருவர் வாயைத் திறக்கும்போதே, இவன் இப்ப இன்னா சொல்லப் போறான் பாரு என்று தொடையைத் தட்டுவார். அவர் சிரித்து முடித்த பிறகுதான் ஜோக் வரும், அதற்குப் பிறகு நாங்கள் சிரிப்போம். மறுநாள் டீக்கடையில் அந்த மாமியாரும் மாப்பிள்ளையும் விருந்தாளியும் அவர் குரலில் மறுபடி வருவார்கள். பார்த்த எங்களுக்கே இவர் சொல்வதுதான் அசல் என்று தோன்றும்.

காது போன பிறகு ஒவ்வொரு சிரிப்புக்கும் அவர் கேட்பார், "இன்னா சொன்னான்?" முதலில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஜோக்கைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஜோக்கைச் சொல்வதற்குள் மூன்று போய்விடும். சொல்லி முடித்ததும் அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது. கொஞ்ச நாளில் அம்மாவின் பதில் சுருங்கிவிட்டது: "ஒன்னுமில்ல, சும்மா." ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு பேர் சிரிக்கிறார்கள் என்பதுபோல அப்பா திரையைப் பார்ப்பார். பிறகு ஒருநாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். எந்த நாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நின்றபோது நாங்கள் கவனிக்கவில்லை.

ஆனால் சிரிப்பதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அம்மா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "உங்கப்பனுக்கு எல்லாம் கேக்குது. வேல சொன்னாதான் கேக்காது." நான்தான் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அப்பா மேடையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கூட்டத்தைக் காட்டும்போது சிரிக்கிறார். ஒரு நொடி தாமதம். பச்சைப் புடவைக்காரி வாயைத் திறந்தால் இவரும் திறப்பார், அவள் மறைந்தால் இவரும் மூடிக்கொள்வார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி அந்த முகங்கள்தான். அதைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் வருத்தமாக இருந்தது. என்னைப்போலவே அவரும் கூட்டத்தைத்தான் பார்க்கிறார் என்று ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு அக்கா எங்கள் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு வந்தாள். கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளிக்க ஆள் வேண்டுமா, கூட்டத்துக்கு நாற்காலி நிறைய வேண்டுமா, எதற்கும் அவளிடம் ஆள் உண்டு. இந்தத் தடவை டிவி காமெடி ஷோவுக்குக் கேட்டிருக்கிறார்கள். லீவு நாளில் வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவந்து விடுவாள். பிரியாணி உண்டு. போனை எடுக்கக் கூடாது, பளிச்சென்று நிறமாக உடுத்த வேண்டும், முகத்தை உம்மென்று வைக்கக் கூடாது. அங்கே தங்கியிருந்த என் சிநேகிதி சொன்னதும் நான் பறந்துகொண்டு பெயர் கொடுத்தேன். எத்தனை வருஷத்துக் கேள்வி!

பூந்தமல்லி தாண்டி வேன் நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் கம்பெனி போலவே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் செக்யூரிட்டி, பையைச் சோதித்தல், வரிசையாக உள்ளே போதல். கார்டு தேய்க்கிற மெஷின் ஒன்றுதான் இல்லை. உள்ளே மேடை மட்டும் ஜிகுஜிகு என்று இருந்தது. நான் சும்மா இருப்பேனா, பின்னால் எட்டிப் பார்த்தேன். வெறும் பிளைவுட்டும் சட்டமும் ஆணியும். அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். விக்கை மடியில் வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாய் எடுப்பார், உதடு மட்டும் அசையும், வசனத்தைச் சொல்லிப் பார்ப்பார், அடுத்த வாய் எடுப்பார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை முகம். ஊரையே சிரிக்க வைக்கிற ஆளா இது என்று எனக்குப் பாவமாகப் போயிற்று.

எங்களை மேடைக்கு எதிரே படிவரிசையில் உட்கார வைத்தார்கள். பளிச்சென்ற புடவை முன்னால், மங்கல் பின்னால். எனக்கு இரண்டாவது வரிசை கிடைத்தது. பக்கத்தில் என் சிநேகிதி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கம்பெனியில் ஒயர் சோதிக்கிற என் லைனில் எனக்கு அடுத்த மேஜை. மேடையில் ஒருவரும் இல்லை. காதில் மைக் மாட்டிய ஒரு பையன் வந்து எங்கள் முன்னால் நின்றான். அவன்தான் ஃப்ளோர் மேனேஜராம்.

"அக்கா எல்லாரும் நல்லா கேளுங்க. இப்ப சிரிப்பு எடுக்கப் போறோம். முதல்ல சின்ன சிரிப்பு, அப்புறம் பெரிய சிரிப்பு, அப்புறம் கைதட்டல்."

எதைப் பார்த்துச் சிரிக்க என்று நான் கேட்டேன். வாய் சும்மா இருக்காது.

"சும்மா சிரிங்கக்கா. ஜோக்கெல்லாம் மத்தியானம் வரும்."

ஆள் கூட்டிவந்த அக்கா பின்னாலிருந்து என் தோளை அழுத்தினாள். "சிரிப்ப மொதல்ல எடுத்துடுவாங்க. அப்பால எங்க வேணுமோ அங்க ஒட்டிக்குவாங்க. நீ குந்து."

எனக்கு அப்போதுதான் பச்சைப் புடவையும் மல்லிகைப்பூவும் விளங்கின. காலையில் எடுத்த சிரிப்பைப் பின்னாலும், பூ வாடிய பிறகு எடுத்ததை முன்னாலும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் லைனில் ஒயர்க் கட்டைச் சோதித்து முடித்த பிறகுதான் ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவோம். இங்கே ஸ்டிக்கரை முதலில் ஒட்டிவிட்டுப் பொருளை அப்புறம் செய்கிறார்கள். இவ்வளவு நாள் மண்டை குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்படியென்றால் அவர் எதற்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார்?

யோசிக்க விடவில்லை. சின்ன சிரிப்பு எடுத்தார்கள். செத்த வீட்டில் சிரித்த மாதிரி இருந்தது. பெரிய சிரிப்பு அதைவிட மோசம். பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். சரி, கைதட்டலாவது ஒழுங்காக வரட்டும் என்று கையை உயர்த்தி உரக்கச் சொன்னான்.

"எல்லாரும் ஒண்ணா! ரெடி! ஒன், டூ, த்ரீ!"

டப், டப், டப்.

அவ்வளவுதான். கொட்டகை முழுக்க நிசப்தம்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துக் கம்பெனிகளின் ஒரு வழக்கம் தெரிய வேண்டும். ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்போம். லீடர் நேற்று வந்த குறைகளைப் படிப்பார், பாதுகாப்பு உறுதிமொழி சொல்வோம். கடைசியில் அவர் கையை உயர்த்தி, ரெடி, ஒன் டூ த்ரீ என்பார். ஒரே நேரத்தில் மூன்று தட்டு, நிறுத்து, கலைந்து அவரவர் இடத்துக்கு ஓடு. அப்பா காலத்திலிருந்து இதே கதைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேலியாக இருக்கும், அப்புறம் கைக்கே பழகிவிடும். அந்தப் பையன் அதே சொல்லை, அதே தொண்டையில், அதே கையை உயர்த்திச் சொன்னதும் எங்கள் கைகள் எங்களைக் கேட்காமல் மூன்று தட்டிச் சட்டென்று நின்றுவிட்டன. விடாமல் தட்டிக்கொண்டிருப்போம் என்று அவன் பார்த்தால், தட்டியும் ஆயிற்று, முடிந்தும் ஆயிற்று.

அது போதாதென்று என் சிநேகிதி எழுந்து நின்றாள். புடவையைச் சரி செய்துகொண்டு இடது பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

"ஏளா, எங்க போற?" என்று பின்வரிசையில் அவள் ஊர்க்காரி ஒருத்தி கேட்டாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "லைனுக்கு" என்றாள்.

அவ்வளவுதான், நாங்கள் உடைந்தோம். கம்பெனி, ஹாஸ்டல், ஓவர்டைம், சூப்பர்வைசர் என்று எத்தனை நாளாக உள்ளே கிடந்ததோ, அத்தனையும் வெளியே வந்தது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நான் அவள் தோளில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு முட்டிச் சிரித்தேன். அவள் அதைவிடச் சிரித்தாள். மைக் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தொழில் தெரிந்தவன். "இதான், இதான்! எடு, எடு!" என்று கேமராக்காரரைப் பார்த்துக் கத்தினான்.

மத்தியானம் விருந்தாளி வந்தார். சினிமா ஆள். பெயர் வேண்டாம். திரையில் பார்ப்பதைவிடக் குள்ளம். அவர் வந்ததும் ஏசியைக் கூட்டினார்கள், எங்களுக்குக் குளிர் எடுத்தது. பெண் பார்க்கும் நாடகம் ஒன்று. மாமியார் காபி கொண்டுவருவார், விருந்தாளி வசனம் சொல்ல வேண்டும். விருந்தாளி மறந்துவிட்டார். மறுபடி காபி. மறுபடி மறந்தார். காபி ஆறிப்போனதுதான் மிச்சம், எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாமியார் மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே இடுப்பை ஒடித்து வந்து நின்றார். அந்த மனிதருக்காவது ஒரு சிரிப்பு சிரித்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்து பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்தேன், போன கதையைச் சொல்லவில்லை. அம்மாவிடம், டிவியில் வரும்போது பார்த்துக்கொள் என்றுவிட்டேன். எனக்குள் ஓடியது வேறு. அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா? நீ நம்பிச் சிரிக்கிற சிரிப்பு அந்த ஜோக்குக்கான சிரிப்பே இல்லை என்று சொன்னால் அந்த மனிதருக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்சமும் போய்விடாதா? சொல்லாவிட்டால், என் கண்ணெதிரே என் சிரிப்பைப் பார்த்தே ஏமாந்து சிரிக்கப் போகிறார். இரண்டும் பிடிக்கவில்லை.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. அப்பா வழக்கம்போல டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் காபியோடு வந்தார். விருந்தாளி ஒருவழியாக வசனத்தைச் சொன்னார். காபி நன்றாக இருக்கிறது, பெண்ணும் இப்படித்தான் சூடாக இருப்பாளா என்று ஏதோ ஒரு அசட்டு வசனம். உடனே திரை முழுக்க நான். வாய் காது வரைக்கும், கண் ஒழுக, சிநேகிதியின் தோளில் விழுந்து கிடக்கிறேன்.

"ஐய, நீதான்டி!" என்று அம்மா கத்தினாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. முதல் தடவையாகக் கூட்டத்தைக் காட்டியும் அவர் வாய் திறக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்து, என் முகம் மறைந்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொன்னான்?"

எத்தனை வருஷம் கழித்து! அம்மா பூண்டிலிருந்து தலையெடுக்காமலே, பழக்கத்தில், "ஒன்னுமில்ல, சும்..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஸ்டூலை இழுத்து அப்பாவுக்கு எதிரே போட்டு, ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன்.

"அவன் சொன்னதுக்கு நான் சிரிக்கலப்பா" என்றேன் நிதானமாக. "அவன் வர்றதுக்கு முன்னாடியே எங்க சிரிப்ப எடுத்துட்டாங்க. எல்லா ஷோலயும் அப்பிடித்தான். முன்னாடியே எடுத்து, அப்புறம் ஒட்டிடறாங்க."

சொல்லிவிட்டு அவர் முகம் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"தெரியுமே" என்றார். "பச்சப் பொடவக்காரி ஒருத்தி ஒரே சிரிப்ப ரெண்டு வாட்டி சிரிப்பா. பூ மட்டும் வேற. எனுக்கு காதுதானம்மா போச்சி, கண்ணு நல்லாத்தான கீது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்புறம் எதுக்குப்பா கூடவே சிரிச்ச?"

"பின்ன? வூட்ல எல்லாரும் சிரிச்சிகினு கீறீங்கோ, நான் மட்டும் உம்முனு குந்திகினு இருக்கணுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "அது கெடக்கட்டும். இது ஒட்டின சிரிப்பு இல்ல. நீ நெஜமா சிரிச்சிகீற. எதுக்கு? அத்த சொல்லு."

சொன்னேன். கொட்டகை, படிவரிசை, செத்த வீட்டுச் சிரிப்பு, தலையில் கைவைத்த பையன். எழுந்து நின்று அவனைப்போலவே கையை உயர்த்தினேன். "எல்லாரும் ஒண்ணா. ரெடி. ஒன், டூ..."

மூன்று சொல்ல வாயெடுக்கவில்லை. அப்பாவின் கண் விரிந்தது. உள்ளங்கையால் தொடையில் ஓங்கி ஒரு அடி. "மூணு தட்டி நிறுத்திட்டீங்க!" என்று கத்தினார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சிநேகிதி எழுந்து நடந்ததைச் சொல்ல நான் திரும்பி ஓரடி வைத்ததும், அதையும் பிடுங்கிக்கொண்டார். "லைனுக்குப் போயிட்டாளா! லைனுக்குப் போயிட்டா!" பழைய மாதிரி எனக்கு முன்னால், ஜோக் வருவதற்கு முன்னால் சிரித்தார். நாற்காலி ஆடியது. நானும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கொட்டகையில் சிரித்ததைவிட அதிகமாக.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருந்தது. ஆனால் அவள் ஒருநாளும் கம்பெனி வரிசையில் நின்றவள் இல்லை.

"மூணு தட்டு தட்டினா அதுல இன்னா சிரிப்பு கீது?" என்றாள். கையில் உரித்த பூண்டு அப்படியே இருந்தது. "இன்னாடி? எனக்கும் சொல்லுங்களேன்."

அப்பா அவள் உதட்டைப் படித்துவிட்டார். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே சற்று நேரம் பார்த்தார். பழிவாங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, 'ஒன்னுமில்ல, சும்மா' என்று சொல்லிவிடுவார் என்றே நான் நினைத்தேன்.

அவர் நாற்காலியைத் தூக்கி டிவிக்கு முதுகு காட்டித் திருப்பி, அம்மாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார்.

"இரு, சொல்றேன்" என்றார். "காலையில ஷிப்ட்டுக்குப் போனா மொதல்ல வரிசைல நிக்க வெப்பான். நல்லா கவனி." அவர் பின்னால் விருந்தாளி இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், யாரோ சிரித்தார்கள். அப்பா எழுந்து நின்று, அம்மா முகம் எப்போது மலரும் என்று அவளையே பார்த்துக்கொண்டு, கையை உயர்த்தினார்.